சுயிதியின் கையில் ஒரு சாசர்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. பத்திரிகை ஆசிரியர் கேட்டார். "ஷாங்காய்ல புதுசா ஒரு கோர்ட் திறந்திருக்கானுங்க. நீதிபதி, சட்டப் புத்தகம், நாற்காலி எல்லாம் கப்பல்ல வந்து இறங்கியிருக்கு. சிரிக்கிற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுமய்யா" என்றார்.

சிரிப்பாகத்தான் தொடங்கினேன்.

'ஒரு நாடு தன் கோர்ட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டி, கடல் தாண்டி, அடுத்தவன் ஊர் மாடியில் கொண்டுவந்து...'

(நிறுத்திவிட்டேன். எந்த நாடு என்று முதலில் எழுதியிருந்தேன், பிறகு அடித்துவிட்டேன். எனக்குப் பயம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?)

வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை. அந்த நாட்டுக்காரன் இங்கே யாரை அடித்தாலும் சீனப் பேரரசர் நியமித்த நம் நீதிபதியால் அவனைத் தொட முடியாது. இதுவரை அவர்களுடைய தூதரே விசாரிப்பார், கப்பல் கேப்டனோடு விருந்து சாப்பிடுவார், ஆளை அனுப்பிவிடுவார். இனிமேல் முறையான கோர்ட்டாம். சாட்சி இருந்தால் தண்டனை உண்டாம். அந்த 'சாட்சி இருந்தால்' என்ற இடத்தில் என் சிரிப்பு நின்றுவிட்டது.

2

சாட்சியின் பெயர் சுயிதி. என் வீட்டுக்குப் பின்னால் கால்வாயில் நிற்கும் சம்பான் படகுதான் அவள் வீடு. அவளும் புருஷன் கென்ஃபாவும் மாலுமிகளைக் கப்பலிலிருந்து கரைக்கு ஏற்றி வருவார்கள். போன வாரம், குடித்திருந்த மாலுமி ஒருவன், படகு ஆடிவிட்டது என்று துடுப்பைப் பிடுங்கி கென்ஃபாவின் மண்டையில் அடித்தான். அன்றிலிருந்து கென்ஃபா கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் இருக்கிறது. படகில் வேறு யாரும் இல்லை. பார்த்தவள் சுயிதி ஒருத்திதான். நாளைக் காலை விசாரணை.

கதை நேராகப் போயிருக்க வேண்டும். அவள் போவாள், பார்த்ததைச் சொல்வாள், அவன் சிறைக்குப் போவான். நடுவில் ஒரு சாசர், கோப்பைக்கு அடியில் வைக்கிற பீங்கான் தட்டு, வந்தது.

3

இந்தப் பகுதிக்கு வில்லன் லூ. கோர்ட்டின் மொழிபெயர்ப்பாளர், பக்கத்துத் துறைமுகமான நிங்போக்காரர். முதல் பிரதியில் அவருக்கு ஒரு தங்கப் பல்லும் எண்ணெய் வழியும் சிரிப்பும் கொடுத்திருந்தேன். நேற்று டீக்கடையில் நேரில் பார்த்ததும் பல்லைப் பிடுங்கிவிட்டேன். ஆறிப்போன டீயைக் குடிக்காமல் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"சாட்சி சொல்றவங்க சாசரைப் போட்டு உடைச்சு சத்தியம் பண்ணணுமாம். பொய் சொன்னா என் உயிரும் இப்படி உடையட்டும்னு. வர்ற வழியில, தெக்குத் துறைமுகத்துல எவனோ நீதிபதி காதுல ஓதியிருக்கான், சீனாக்காரன் சத்தியம் இதுதான்னு. பஜார்ல சாசர் வாங்கி அடுக்கியே வெச்சுட்டாங்க."

"இங்க அப்படி வழக்கமே இல்லைன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா, அப்போ எப்படிச் சத்தியம் பண்ணுவீங்கன்னு கேப்பாரு. எங்க நியாயஸ்தலத்துல சத்தியமே கிடையாது, முட்டி போட வெச்சு மூங்கிலால அடிச்சுதான் உண்மையை வாங்குவாங்கன்னு சொல்லட்டுமா? நீர்தான் கதை எழுதறவராச்சே, நல்லதா ஒரு பொய் சொல்லிக் குடுமே!"

அவர் டீக்கும் சேர்த்துக் காசு வைத்துவிட்டு எழுந்தேன்.

4

படகுக்காரர்கள் கிண்ணத்தைக் கவிழ்த்துக்கூட வைக்கமாட்டார்கள், படகும் கவிழ்ந்துவிடும் என்று. சுயிதியின் ஊர்ப்பக்கத்தில் ஒரு பாத்திரத்தை வேண்டுமென்றே போட்டு உடைப்பது ஒரே ஒரு வேளையில்தான். சவப்பெட்டியைத் தூக்கும்போது.

இன்று சாயங்காலம் படகுக்குப் போய்ச் சாசர் விஷயத்தைச் சொன்னேன். கென்ஃபாவின் உதட்டில் ஈரத்துணியால் கஞ்சித்தண்ணீர் சொட்டவிட்டுக்கொண்டே அவள் பேசினாள்.

"இவரு மூச்சு விட்டுக்கிட்டு இருக்காரு, அண்ணே. நான் போய் சாசரைப் போட்டு உடைச்சா, கெளம்புய்யான்னு நானே அனுப்பி வெச்ச மாதிரி ஆயிடாதா?"

"அது அவங்க கோர்ட்டு, சுயிதி. அவங்க சட்டம்."

"எமனுக்குத் தெரியுமா அது எந்த நாட்டுக் கோர்ட்டுன்னு?"

"உடைக்கலைன்னா சாட்சி செல்லாது. அவன் கப்பலேறிப் போயிடுவான்."

"போகட்டும்னு விடவும் முடியலையே. துடுப்பு எறங்கறப்போ இவரு என்னைத்தான் பாத்தாரு." துணியைப் பிழிந்தாள். "பாலத்து மேல பாருங்க. அவனோட கூட்டாளிங்க. மத்தியானத்துலேருந்து நிக்கறானுங்க."

பார்த்தேன். இரண்டு பேர். என்னைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினார்கள். நானும் கையாட்டினேன். பயத்தில் கை தானாக எழுந்துவிட்டது.

சுயிதி அதைப் பார்த்தாள், துணியை மறுபடி கஞ்சித்தண்ணீரில் நனைத்தாள். நான் கிளம்பும்போதுதான் சொன்னாள். "இதை எழுதறீங்களாமே. எழுதுங்க. ஆனா இவரைச் சாகடிச்சிடாதீங்க, அண்ணே."

5

ஒரு முடிவு: சுயிதி உடைக்கிறாள். சொல்கிறாள். மாலுமிக்குச் சிறை. வேகவேகமாகக் கால்வாய்க்கு ஓடி வருகிறாள். படகுக்குள் கென்ஃபா

(இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.)

இன்னொன்று: உடைக்காமல் திரும்பி வருகிறாள். கென்ஃபா கண் திறக்கிறான். "அவனை என்ன பண்ணாங்க?" என்று கேட்கிறான். அவள்

(இதற்கும் எனக்கு வார்த்தை வரவில்லை.)

லூ எழுந்து, "நீதிபதி அவர்களே, இது எங்கள் சத்தியமே இல்லை" என்று முழங்குவதாகவும் எழுதிப் பார்த்தேன். ஆசிரியருக்குப் பிடித்திருக்கும். ஆனால் பாலத்தைப் பார்த்துக் கையாட்டிய நான் லூவுக்கு மட்டும் எங்கிருந்து தைரியம் எடுத்துக் கொடுப்பது? கிழித்துவிட்டேன்.

6

ஆகவே கோர்ட்டைக் கூட்டிவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். மாலுமி கூண்டில் நிற்கிறான், சவரம் செய்த முகத்தோடு. அவன் கூட்டாளிகள் பின் பெஞ்சில். லூ தரையைப் பார்க்கிறார். நீதிபதி தலையசைக்க, குமாஸ்தா சாசரை நீட்டுகிறார். சுயிதியின் கை எழவில்லை. அவள் உங்களைத் திரும்பிப் பார்க்கிறாள்.

வாங்கிக்கொள்ளுங்கள். எடையே இல்லாத சாசர்தான். கால்வாயில் ஒருவன் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான்.

கை மட்டும் நடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தவறி விழுந்தாலும் அவர்கள் அதைச் சத்தியம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.