ஒரு வரிசைக்கு ஒரு பிடி

தான் வரைந்த மேசைக்கு ஒருநாளும் வேலை வரக் கூடாது என்று அவள் தினமும் காலையில் வேண்டிக்கொள்வாள். பட்டறைக்கு வந்து, வரைபலகையில் புதுத் தாளை ஒட்டி, பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு நிமிடம் கண்ணை மூடுவாள். பக்கத்தில் பற்றவைக்கிற வெல்டர் அந்த ஒரு நிமிடம் மட்டும் தன் இயந்திரத்தை நிறுத்தி வைத்திருப்பான். அவள் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

அவர்கள் பட்டறை பல வருடமாகப் பள்ளிகளுக்கு மேசையும் இருக்கையும் செய்து கொடுத்து வந்தது. பென்சில் வைக்க ஒரு பள்ளம், பை மாட்ட ஒரு கொக்கி, அவ்வளவுதான் அந்த மேசைகளின் சாமர்த்தியம். போன வருடம் தொலைவில் ஒரு ஊரில், துப்பாக்கியோடு ஒருவன் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தான். குழந்தைகள் மேசைக்கு அடியில் ஒளிந்துகொண்டார்கள். அந்த மேசைகள் வெறும் பலகை. அந்தச் செய்தியைப் படித்த பிறகு மூன்று நாள் அவளுக்குப் பென்சில் ஓடவில்லை. நான்காம் நாள் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: மேசையாகவும் இருக்க வேண்டும், ஆபத்து நேரத்தில் கேடயமாகவும் ஆக வேண்டும். எட்டு வயதுக் குழந்தை ஒன்று, பெரியவர் துணையில்லாமல், ஐந்து நொடிக்குள் அதன் பின்னால் போய்விட வேண்டும்.

முதலாளி கடிதத்தை அவள் மேசைமேல் போட்டார். “உடனே ஆரம்பி,” என்றார். அவர் எதைச் சொன்னாலும் அந்த வார்த்தை இல்லாமல் சொல்வதில்லை. தண்ணீர் கேட்டால்கூட உடனேதான். அதனால் பட்டறையில் அவருக்கு ‘உடனே’ என்றே பெயர். அது அவருக்கும் தெரியும்.

அவள் வரைந்த மேசை பார்வைக்குச் சாதாரணமாக இருந்தது. மேல் பலகைக்குள் எஃகுத் தகடு. முன்பக்கத்தில் காலை மறைக்கும் இன்னொரு தகடு. வலப்பக்கம் பலகைக்கு அடியில் ஒரு பிடி. அதை இழுத்தால் சுருள்வில் விடுபட்டு, படுத்திருந்த பலகை எழுந்து நிற்கும். கீழே இருக்கும் தகடோடு சேர்ந்து தரைவரை ஒரு சுவராகிவிடும். குழந்தை இருக்கையிலிருந்து சரிந்து அந்தச் சுவருக்குப் பின்னால் குந்திக்கொள்ள வேண்டும். காவல்துறையின் சுடுதளத்தில் வைத்துச் சோதித்தபோது தகடு தாங்கியது. நெளிந்த தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு வெல்டர் ஒன்றும் பேசாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தான். வழக்கமாக அவன் பேச்சை நிறுத்துவதுதான் கஷ்டம்.

மீதி இருந்தது குழந்தையின் கை. அதற்கு அவள் வீட்டிலேயே ஆள் இருந்தது.

முதல் மாதிரியை வீட்டு முன்னறையில் கொண்டுவந்து போட்டாள். பேருந்து ஓட்டும் கணவர் வேலையிலிருந்து வந்து, அதில் முழங்காலை இடித்துக்கொண்டு, நின்று பார்த்தார். “நல்லது. கோட்டை கட்டியாச்சு. இனி ராணிக்குச் சாப்பாடு கோட்டைக்குள்ளயா?” என்றார். ‘ராணி’யாகிவிட்ட மகள் உள்ளேயிருந்து, ஆமாம் என்றாள். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் அன்றிலிருந்து வீட்டுப்பாடம், படம் வரைதல், சாப்பாடு எல்லாவற்றையும் அந்த மேசையில்தான் வைத்துக்கொண்டாள். அம்மா கைதட்டினால் பிடியை இழுக்க வேண்டும் என்பது விளையாட்டு. முதலில் பன்னிரண்டு நொடி. அம்மா பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். எட்டு நொடி. விளிம்பை அரத்தால் தேய்த்து மழமழப்பாக்கினாள். ஆறு. இரண்டு மாதத்தில் மகள் நான்கு நொடியில் உள்ளே போய், பலகைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

வரைபடத்தில் ‘குழந்தை’ என்று எழுதிய இடத்திலெல்லாம் மகளின் அளவுதான் இருந்தது. அவளுடைய முழங்கை, அவளுடைய விரல், அவளுடைய வலக்கை. அம்மாவுக்கு அது தவறாகப் படவில்லை. தன் பிள்ளைக்கு நல்லதாக இருப்பது எல்லாப் பிள்ளைக்கும் நல்லதாகத்தானே இருக்கும் என்று எந்தத் தாயும் நினைப்பாள்.

சோதனைக்கு மகள் படிக்கும் பள்ளியையே முதலாளி கேட்டு வாங்கினார். செய்து காட்டுகிற குழந்தையும் அவளாகவே இருக்கட்டும் என்றார். “நம்ம பொண்ணுதானே, பழகிடுச்சு.” விதிப்படி ஒரு குழந்தை செய்து காட்டினால் போதும். மற்றவர்கள் வகுப்பு போலத் தெரிவதற்காக உட்கார்ந்திருப்பார்கள். அம்மாவுக்கு உள்ளே எதுவோ உறுத்தியது, ஆனாலும் தலையாட்டினாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் பட்டறையில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரும் என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார். அந்தப் பாதியில் யார் யார் இருப்பார்கள் என்று அவள் மனம் ஒவ்வொரு முகமாகப் போய் நின்றது.

சோதனை நாளன்று வகுப்பறையில் மூன்று வரிசையாகப் பன்னிரண்டு மேசைகள்; மகளுடையது வீட்டிலிருந்து வந்தது, மற்றவை புதிது. சன்னல் வெளிச்சத்தில் மெருகு பளபளத்தது. பிள்ளைகள் பென்சில் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோதனை அதிகாரி கையில் நிறுத்துக்கடிகாரம். தலைமை ஆசிரியை கதவோரம். முதலாளி புதுச் சட்டை போட்டிருந்தார். மகளுக்குப் பக்கத்து மேசையில் ஒரு ஒல்லிக் குழந்தை உட்கார்ந்திருந்தது. வகுப்பில் எல்லாரும் அவளை ‘நூல்கண்டு’ என்று கூப்பிடுவார்கள். பள்ளி திறந்த முதல் நாள் மகள் பாதி ரப்பரோடு வீட்டுக்கு வந்திருந்தாள்; மறு பாதி இந்த நூல்கண்டிடம்தான் இருந்தது.

மணி அடித்தது. டமார் டமார் என்று பலகைகள் எழுந்தன; பென்சில்களும் புத்தகங்களும் தரையில் சரிந்தன. மகளின் பலகை எல்லாவற்றுக்கும் முன்னால் நிமிர்ந்தது. அவள் சரிந்து உட்கார்ந்தாள். பிறகு பக்கத்தில் பார்த்தாள். நூல்கண்டு இடக்கைக்காரி. வலப்பக்கப் பிடியை இடக்கையால் எட்டிப் பிடித்து, உடம்பையே முறுக்கி இழுத்துக்கொண்டிருந்தது. பட்டறையிலிருந்து நேராக வந்த புதுப் பிடி அது. யாரும் அதை இரண்டு மாதம் இழுத்து இழுத்து இளக்கவில்லை. விரல் வழுக்கியது. மகள் எழுந்தாள். இடைவெளியைத் தாண்டிப் போய், இரண்டு கையாலும் தோழியின் பிடியை இழுத்தாள். பலகை நிமிர்ந்தது. நூல்கண்டு உள்ளே போனது. மகள் வெளியே நின்றாள்.

அதிகாரி கடிகாரத்தை நிறுத்திவிட்டுப் புன்னகைத்தார். நல்ல மனிதர். பலகை நான்கு நொடியில் எழுந்துவிட்டது, பெண்தான் வெளியே நிற்கிறது, அதனால் இந்தத் தடவையை எழுதாமல் விட்டுவிடுகிறேன், இன்னொரு முறை பார்க்கலாம் என்றார். முதலாளி அம்மாவின் காதருகே வந்தார்.

“உன் பொண்ணுகிட்ட சொல்லு. உன்னோடத மட்டும் பாருன்னு சொல்லு. ஒரே வார்த்தை. உடனே.”

அவள் மகளிடம் போய் முழங்காலிட்டாள். மகளின் முகம் சுருங்கியிருந்தது.

“தப்பு பண்ணிட்டேனாம்மா?”

“இல்ல கண்ணு.”

“அவளுக்கு வரலம்மா. நான் அவளுக்கு வீட்ல சொல்லித் தரேன்னு சொல்லியிருந்தேன். மறந்துட்டேன்.”

அம்மா அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வாயெடுத்தாள். எளிய வார்த்தைதான். ஆனால் தின்பண்டம் கொண்டு போனால் பிட்டுக் கொடு, கீழே விழுந்தவனைத் தூக்கிவிடு, அழுகிறவளோடு போய் உட்கார் என்று இத்தனை வருடம் சொன்னதையெல்லாம் இந்த ஒன்று அழித்துவிடும் என்று அவளுக்குப் பட்டது. ஆபத்து நேரத்தில் நல்லதைச் செய்யாதே என்று ஒரு மேசை குழந்தையைக் கேட்குமானால், திருத்த வேண்டியது குழந்தையை அல்ல. அவள் திரும்பி நூல்கண்டின் கையை எடுத்துப் பிடியின் மேல் வைத்துப் பார்த்தாள். விரல் பாதிதான் சுற்றியது. கடவுளே, இந்தக் கையை நான் பார்க்கவே இல்லையே என்று நினைத்தாள்.

எழுந்து அதிகாரியைப் பார்த்தாள்.

“ஐயா, இது என் பொண்ணு. இந்த மேசையில ரெண்டு மாசமா சாப்பிட்டு, படிச்சு, விளையாடிட்டு இருக்கா. அவ கைக்குத்தான் இத செஞ்சிருக்கேன். மத்த பிள்ளைங்க கைக்கு இது ஆகாது. இப்ப இவ சரியா செஞ்சு காட்டினாலும் அது நிஜம் இல்ல.”

ஒரு பென்சில் மட்டும் எங்கோ உருண்டுகொண்டிருந்தது. முதலாளி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி தன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். ஆறு வாரம் தருகிறேன், அதற்குமேல் என் கையில் இல்லை என்றார்.

பட்டறைக்குத் திரும்பும் வழியில் முதலாளி பேசவே இல்லை. மறுநாளும் பேசவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அத்தனை பேருடைய அடுப்பும் அவர் தலைமேல்தான் எரிந்தது. அவள் நாடாவை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். நாற்பத்தொரு குழந்தைகளின் கையை அளந்தாள். பிள்ளைகளுக்குக் கூச்சம்; ஒருவன் எங்களுக்கு மோதிரமா என்று கேட்டான். இடக்கைக்காரர்கள் ஆறு பேர். ஒருத்திக்குக் கட்டைவிரல் கட்டுப்போட்டிருந்தது. எல்லாரிலும் சின்னக் கையை வரைபடத்தில் எழுதினாள்.

பிடியைப் பலகையின் நடுவுக்குக் கொண்டுவந்தாள், இரண்டு கைக்கும் எட்டும்படி. வில்லை இளக்கினாள். ஆனாலும் அவளுக்கு நிறைவு வரவில்லை. பயத்தில் உறைந்துபோகிற குழந்தை ஒன்று எப்போதும் இருக்கும். அதன் கை எவ்வளவு பெரிதாக இருந்து என்ன? அப்போதும் மகள் எழுந்து போவாள். போக வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

வெல்டர்தான் வழி சொன்னான். மதிய இடைவேளையில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு வந்து நின்றான்.

“அக்கா, என் தம்பிக்கு ஒரு கை சரியா வராது. அவன் சைக்கிள்ல எந்தப் பிரேக்கப் பிடிச்சாலும் ரெண்டு சக்கரமும் நிக்கிற மாதிரி கம்பி கட்டியிருக்கேன். இதுக்கும் கட்டலாமா?”

அவள் தாளை இழுத்து, நான்கு மேசைகளை ஒரு வரிசையாக வரைந்து, அடியில் ஒரே கோடு போட்டாள். பிரேக் கம்பி. நாலில் யார் இழுத்தாலும் வரிசை முழுதும் எழும். கை வராத குழந்தைக்காக இன்னொரு குழந்தை எழுந்து போகவே வேண்டாம். தன் இடத்தில் இருந்தபடியே அதையும் காப்பாற்றிவிடலாம்.

கம்பி லேசில் வழிக்கு வரவில்லை. ஒன்று எழுந்தது, மூன்று முரண்டு பிடித்தன. நாலும் எழுந்தன, ஒன்று திரும்பிப் படுக்க மறுத்தது. நான்காவது வாரம் முதலாளி தாமாகவே வந்தார். கையில் ஒரு ஆணிப் பை. அதைப் பிடியில் தொங்கவிட்டார், பலகைகள் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் ஆணி போட்டார், எழுந்தன. இவ்வளவு கனம் ஒரு சின்னப்பிள்ளை இழுக்காது என்றார். பையிலிருந்து ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் முன்னால் வைத்தார். பாதிக்கு மேல் எடுத்த பிறகு நிறுத்தினார்.

“இதுக்கு எழும்பணும். அவசரம் இல்ல. மெதுவாப் பண்ணு.”

வெல்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். ‘உடனே’ என்ற அவர் பெயர் அன்றைக்குப் போயிற்று என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள். ஆனால் மறுநாளே தண்ணீரை உடனே கேட்டார்.

இரண்டாம் சோதனைக்கு வந்த அதிகாரி கம்பியைக் குனிந்து பார்த்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார். வாலுப் பையன் ஒருவன் விளையாட்டுக்கு இழுத்தால் வரிசையே எழும்பிவிடாதா? அவள் பதில் தேடுவதற்குள் தலைமை ஆசிரியை பேசினார்.

“எழும்பட்டும் சார். புத்தகம்தானே விழும். பொறுக்கிக்கலாம்.”

மணி எப்போது அடிக்கும் என்று இந்த முறை பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. கணக்குப் பாடம் நடந்தது. மகளின் பாதி ரப்பர் உருண்டு கீழே விழுந்தது. அவள் அதை எடுக்கக் குனிந்து தலையை மேசைக்கு வெளியே நீட்டியிருந்த நேரம் மணி அடித்துவிட்டது.

கதவோரம் நின்ற அம்மா ஓரடி முன்னால் வந்தாள். மகளின் கை பிடிக்கு வெகு தூரத்தில் இருந்தது.

மூன்று வரிசையும் எழுந்தன. மகளின் வரிசையில் அவள் பிடியைத் தொடவே இல்லை. ஆனாலும் அவளுடைய பலகை தலைக்குமேல் விறைப்பாக நின்றது. அவள் திகைத்து ரப்பரோடு அதன் பின்னால் சுருண்டாள். பக்கத்து மேசையில் நூல்கண்டு பிடியை இடக்கையால் இறுக்கிப் பிடித்தபடி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. இன்னும் விடவில்லை. விட்டால் பலகை விழுந்துவிடுமோ என்ற பயம்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு குழந்தைகளையும் ஒவ்வொருவராக எண்ணினார். வெளியே யாரும் இல்லை. பையிலிருந்து தாளை எடுத்து முழங்கால்மேல் வைத்து எழுத ஆரம்பித்தார். முதலாளி கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

வீட்டுக்குப் போகும்போது மகள் முறைத்துக்கொண்டே வந்தாள்.

“நான் இழுக்கறதுக்குள்ள அவ இழுத்துட்டாம்மா. இவ்வளவு நாள் பழகினது நான்.”

“ஆமா கண்ணு.”

“அடுத்த தடவை நான்தான் இழுப்பேன்.”

அடுத்த தடவை வரவே வேண்டாம் என்று அம்மா மனதுக்குள் வேண்டிக்கொண்டாள். மகளின் கையைப் பிடித்தாள். மூடியிருந்த உள்ளங்கைக்குள் ரப்பர் இருந்தது. பாதி இல்லை, இன்னும் சின்னது. கால்தான் இருந்தது.

“மீதி எங்க?”

“அவளோடது தொலைஞ்சுபோச்சாம்,” என்றாள் மகள். “பிச்சுக் கொடுத்தேன்.”