ஓட்டுநர் பக்கம் ஜிப் வைத்த கவர்

மருந்துக்கடைக்காரர் எதற்கும் இரண்டு தரம் யோசிக்கிற ஆள் இல்லை. டாக்டர்கள் கோழி கிளறினதுபோல் எழுதித் தரும் சீட்டை ஒரே பார்வையில் படித்துவிடுவார். இருமிக்கொண்டே ஒருவர் கடைப் படியேறினால், வறட்டு இருமலா சளி இருமலா என்று சத்தத்தை வைத்தே முடிவுகட்டி அலமாரிப் பக்கம் திரும்பிவிடுவார். அப்படிப்பட்ட மனிதரைக் காருக்குப் போர்த்துகிற ஒரு துணி குழப்பியடித்துவிட்டது.

கார் அவருடையது இல்லை, மச்சினனுடையது. மனைவிக்கு அவன் ஒரே தம்பி, கப்பலில் இன்ஜினியர். ஆசை ஆசையாய் ஒரு கருநீல ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினான். இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் பதுங்கிய மூக்கு, பின்னால் மீன் துடுப்புபோல் ஒரு பட்டை. வாங்கிய சூட்டோடு கப்பலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் இருந்த அடுக்குமாடியில் நிறுத்த இடமில்லை. அக்கா வீட்டு முன்வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை அக்கா கையில் கொடுத்தான்.

"மாமா, இந்த வாசல்ல மேல கூரை இல்ல பாருங்க. நல்ல கவரா ஒண்ணு வாங்கிப் போட்டுடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

நல்ல கவர் என்றால் எது என்று அவனும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கவர்தானே.

முன்வாசலில் ஒரு மரம் உண்டு. அதிலிருந்து பிசின் வடியும், பறவைகள் எச்சமிடும். அதோடு மழைக்காலம் வேறு. ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான் விஷயம் என்று மழைக்கோட்டுத் துணியில் தைத்த ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து போர்த்தினார். நல்ல மழை அடித்து ஓய்ந்ததும் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், கார் உடம்பெல்லாம் முத்து முத்தாக நீர். கவரின் உட்புறம் வேர்த்துக் கொட்டியிருந்தது. எங்கேயாவது ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஊசிமுனை அளவுகூட இல்லை. தண்ணீர் நுழையாத துணிக்குள் இத்தனை தண்ணீர் எப்படி வந்தது என்று அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

தெருமுனை ஒர்க்‌ஷாப் மெக்கானிக்கைக் கேட்டார். தரையிலிருந்து ஈரம் மேலே ஏறும், அது வெளியே போக வழி வேண்டும், இப்படியே விட்டால் பெயின்ட் கொப்புளம் போடும் என்று அவர் பயமுறுத்தினார். காருக்கும் மூச்சு விட வேண்டுமாம். சரி, மூச்சு விடுகிற துணியாகவே இருக்கட்டும் என்று கன்னத்தில் ஒற்றிக்கொள்ளலாம்போல மிருதுவான ஒன்றை வாங்கினார். அது கூரைக்கு அடியில் நிற்கும் கார்களுக்கான ரகம் என்பதை, முதல் மழையில் அது தொப்பலாக நனைந்து காரோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்துகொண்டார். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, காருக்குச் சல்லடை போட்டு மூடியிருக்கிறீர்களே என்றார். அவரைக் கேட்டால் கவரே வேண்டாம். காற்றில் துணி படபடத்து, அடியிலிருக்கும் தூசி உப்புத்தாள்போல் தேய்க்கும். சும்மா விட்டு அடிக்கடி கழுவினால் போதும். மெக்கானிக் அதைக் கேட்டுச் சிரித்தார். வெயிலில் சும்மா விட்டால் டேஷ்போர்டு பாளம் பாளமாக வெடிக்கும் என்றார்.

ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் மருந்துக்கடைக்காரருக்கு மண்டை காய்ந்தது. தீக்காயத்துக்குக் களிம்பு கேட்டு வந்த அம்மாவிடம், "காத்து போற மாதிரி வேணுமா, போகாத மாதிரி வேணுமா?" என்று கேட்டுவிட்டார். அந்த அம்மா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் கார் சாமான் விற்கும் பெரிய கடை ஒன்றில் சரியான ஜாதி கிடைத்தது. பல அடுக்குத் துணி. மேலே விழுகிற மழை வழிந்தோடிவிடும், அடியில் ஏறுகிற ஈரம் ஆவியாய் வெளியேறிவிடும், உட்புறம் பஞ்சுபோல் இருக்கும். காரின் அளவுக்கே தைத்து, பக்கக் கண்ணாடிகளுக்குக் காது வைத்து, காற்றில் பறக்காமல் அடியில் வார் போட்டுக் கட்டுவது. அப்பாடா என்று அவர் பெருமூச்சு விடும்போதே கடைக்காரர் இன்னொன்றையும் எடுத்து விரித்தார். எல்லாம் அதே, ஓட்டுநர் பக்கம் மட்டும் ஒரு நீள ஜிப். கவரை எடுக்காமலே கதவைத் திறக்கலாம். எது நல்லது என்று கேட்டதற்கு, இரண்டுமே நல்லது என்றார் அந்தப் புண்ணியவான்.

வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொன்னார். மனைவி டியூஷன் பிள்ளைகளின் கணக்குத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். அதுவரை, எதையாவது வாங்கிப் போடுங்கள் என்பதற்கு மேல் இந்த விஷயத்தில் வாய் திறக்காதவள்.

"ஜிப் வெச்சதையே வாங்குங்க," என்றாள், தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

"எதுக்கு? யாரு அந்தக் கதவைத் திறக்கப் போறாங்க?"

"இருந்தா நல்லதுதானே."

அந்த வாரமே மச்சினன் ஏதோ துறைமுகத்திலிருந்து பேசினான். கவர் விஷயத்தை இவர் சொன்னதும், விட்டு விட்டுக் கேட்ட குரலில், ஜிப் மட்டும் வேண்டவே வேண்டாம், பல் உரசிக் கதவில் கோடு விழுந்துவிடும் என்றான். இருதலைக்கொள்ளி எறும்பானார் மருந்துக்கடைக்காரர். காருக்குச் சொந்தக்காரன் வேண்டாம் என்கிறான். காருக்குச் சம்பந்தமே இல்லாதவள் வேண்டும் என்கிறாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஜிப் இல்லாததையே வாங்கினார். மனைவியிடம் சொன்னபோது அவள் "சரி" என்றாள். அந்தச் சரியில் என்னவோ சரியில்லை என்று பட்டது. ஆனால் என்னவென்று பிடிபடவில்லை.

வழக்கமாக மதியச் சாப்பாடு கடைக்கே வந்துவிடும். அன்று வானம் மூடிக்கொண்டு தூறிக்கொண்டிருந்தது. புதுக் கவரும் வேர்க்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தார். காருக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி செருப்பு கழற்றி விடப்பட்டிருந்தது. ஓட்டுநர் பக்கம் கவர் முழங்கால் உயரத்துக்குச் சுருட்டி ஏற்றப்பட்டிருந்தது. திருடன் என்றுதான் முதலில் நினைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு எந்தத் திருடன் ஏறுவான் என்று அடுத்த நொடி தோன்றியது. பிறகுதான், அது தன் மனைவியின் செருப்பு என்று உறைத்தது.

குனிந்து கவருக்கு அடியில் தலையை விட்டார். காரின் கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. உள்ளே இருக்கையை முன்னால் இழுத்து, முதுகைச் சாய்த்துப்போட்டு, அவள் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். கையில் புத்தகம் இல்லை, போன் இல்லை.

"இங்க என்ன பண்றே?"

"ஒண்ணும் பண்ணல."

"உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நனையாதீங்க, அந்தப் பக்கமா வந்து உட்காருங்க."

மறுபக்கம் வாரை அவிழ்த்து, தவழ்ந்து, முட்டியைக் கதவில் இடித்துக்கொண்டு அவர் உள்ளே வந்து சேர்ந்தார். கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. துணி வடிகட்டிய சாம்பல் வெளிச்சம் மட்டும். வீட்டுக்குள் அவருடைய அப்பாவின் ரேடியோ முழுச் சத்தத்தில் செய்தி வாசித்தது. பெரிய மகள் எதையோ காணவில்லை என்று "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டாள். போன் அடித்து ஓய்ந்தது. எல்லாம் வேறு யார் வீட்டிலோ நடப்பதுபோல் கேட்டது.

எத்தனை நாளாக இது என்று கேட்டார். முதல் கவர் போட்டதிலிருந்தே என்றாள். அந்த மழைத்துணி நல்ல இருட்டாக இருந்ததாம், ஆனால் புழுங்குமாம். இரண்டாவதில் வெளிச்சம் நன்றாக இருந்ததாம், ஆனால் பிழியப் பிழிய ஈரமாம். இப்போது போட்டிருப்பதில் குறை ஒன்றுமில்லை, நுழைவதற்குத்தான் பாம்பாக மாற வேண்டியிருக்கிறது என்றாள். தாம் கேட்டுத் திரிந்தவர்களில் ஒருவர்கூடக் கவர்களை உள்ளேயிருந்து பார்த்ததில்லை என்பது அவருக்கு அப்போது தோன்றியது.

"வீட்டுல யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"பின்ன?"

அவள் யோசித்தாள். மறைக்கிற யோசனை இல்லை, தேடுகிற யோசனை.

"தெரியலங்க. விடிஞ்சதுலேருந்து எல்லாரும் கூப்பிட்டுட்டே இருக்கீங்க. நானும் வந்துட்டே இருக்கேன். கோவம்லாம் இல்ல. இங்க வந்து உட்கார்ந்தா, கூப்பிடறது என்னை இல்லைங்கற மாதிரி இருக்கு."

கடைக்கு மேலே சரக்கு வைக்கிற அறையைச் சுத்தம் செய்து தருகிறேன், அங்கே வந்து இரேன் என்றார்.

"அங்க வந்தா நீங்க கூப்பிடுவீங்க," என்று சிரித்தாள்.

அது பொய்யில்லை. மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுவதற்கே அவளைக் கூப்பிடுகிறவர் அவர். கோபப்படுவதா, வருத்தப்படுவதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. அதில் இவள் உட்கார ஓர் இடமில்லாமல் தம்பியின் காருக்குள் ஒளிந்திருக்கிறாள். இது நோயா, நோய் இல்லையா? நோய் என்றால் இதற்கு என்ன கொடுப்பது? வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு அலமாரி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

மறுநாள் போய்க் கவரை மாற்றிக்கொண்டு வந்தார். இதில் என்ன குறை என்று கடைக்காரர் கேட்டார். குறையில்லை, கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது என்றார். அடுத்த முறை மச்சினன் பேசியபோது, ஜிப் வைத்ததையே போட்டிருப்பதாகச் சொன்னார். அவன் பதறினான்.

"ஜிப்புக்கு அடியில மடிப்புத் துணி வெச்சு தெச்சிருக்கு தம்பி. கீறாது. நான் சொல்றேன்ல."

"அந்தக் கதவை எதுக்கு மாமா திறக்கணும்?"

"கொஞ்சம் காத்தோட்டத்துக்கு," என்றார் மருந்துக்கடைக்காரர்.

அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வர ஆரம்பித்தார். சாப்பிட்டுவிட்டு வாசலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். போன் வந்தால் எடுப்பார். டியூஷனுக்குச் சீக்கிரம் வந்துவிட்ட பிள்ளைகளை உட்காரவைப்பார். மருமகள் எங்கே என்று அப்பா கேட்டால், வெளியில் இருக்கிறாள் என்பார். சின்ன மகள் ஒரு நாள் வட்டிக் கணக்கைக் கொண்டுவந்து நீட்ட, அவர் போட்டதில் அசலைவிட வட்டி பெரிதாகிவிட்டது. சற்று நேரம் கழித்து ஜிப் இறங்கும் சத்தம் கேட்கும். அவள் கூந்தலைச் சரிசெய்தபடி உள்ளே வந்து, மகளின் நோட்டைப் பார்த்துவிட்டு ரப்பரை எடுப்பாள்.

மச்சினன் விடுமுறைக்கு வந்தான். கவரை எடுத்து, கதவைத் தடவித் தடவிப் பார்த்தான். கோடு இல்லை, கொப்புளம் இல்லை. காரில் ஏறப் போனவனுக்கு முட்டி ஸ்டீரிங்கில் இடித்தது. இருக்கையைப் பின்னால் தள்ளிக்கொண்டே அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். இருவரும் மரத்தைப் பார்த்தார்கள். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

அடுத்த நாள் மதியம் முன்வாசல் வெறுமையாகக் கிடந்தது. இன்றைக்கு என்ன செய்வாளோ என்று மருந்துக்கடைக்காரர் வாசலறை நாற்காலியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து, தெருவில் இறங்கி நடந்தாள். எங்கே என்று கேட்க வாயெடுத்தவர், அதுவும் ஒரு கூப்பாடுதானே என்று நிறுத்திக்கொண்டார். சற்றுப் பொறுத்துப் பக்கத்து வீட்டு டிரைவர் சுவர் மேலாக எட்டிப் பார்த்தார். வீட்டம்மா பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள், வருகிற பஸ் ஒன்றிலும் ஏறவில்லையே, யாருக்காவது காத்திருக்கிறார்களா என்று கேட்டார்.

"எனக்குத் தெரியலையே," என்றார் மருந்துக்கடைக்காரர். அது உண்மை.

உள்ளேயிருந்து அப்பா மருமகளைக் கூப்பிட்டார். "இதோ வர்றேன்," என்று அவர் எழுந்து போனார்.