இடது கையில் ஒரு நாற்காலி

முப்பது வருடம் ஓவியம் வரைந்து பேர் வாங்கியவர், ஐம்பத்தாறு வயதில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓவிய ஆசிரியர் ஆவதற்கான முதுகலைப் படிப்பில் வந்து சேர்ந்தார். அவரைவிட இருபத்தைந்து வயது இளையவளான பேராசிரியைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருக்காதா பின்னே? தன் கல்லூரி நாட்களில் அந்த அம்மாளின் ஓவியங்களைப் பார்த்துச் சொக்கிப் போனவள் அவள். இப்போது அவருக்கே மார்க் போட வேண்டும்.

"அக்கா, என்னைப் போய் மேடம்னு கூப்பிடாதீங்க. கூச்சமா இருக்கு."

"காலேஜுக்குள்ள மேடம்தான். கேட்டைத் தாண்டினா தங்கச்சி. சரிதானே மேடம்?"

பயிற்சிப் பாடம் எடுக்க ஓவியர் ஒரு பள்ளியின் ஆறாம் வகுப்புக்குப் போனார். மேசைமேல் நாற்காலியைத் தூக்கி வைத்து வரையச் சொன்னார். ஒரு சிறுமியின் நாற்காலி, அன்று பிறந்த கன்றுக்குட்டி மாதிரி காலைப் பரப்பிக்கொண்டு நின்றது. ஓவியருக்குப் பொறுக்கவில்லை. பென்சிலை வாங்கி நாலே கோட்டில் சரிசெய்துவிட்டார். வகுப்பே கை தட்டியது. அந்தச் சிறுமி மட்டும், தன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'டீச்சர்' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பின்வரிசையிலிருந்து இதைப் பார்த்த பேராசிரியைக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஆனாலும் மனசாட்சியை ஏமாற்ற முடியுமா? 'தேர்ச்சி இல்லை' என்றே எழுதினாள். இன்னும் ஒரு பாடம்தான் பாக்கி. அதிலும் தவறினால் பட்டம் கிடையாது.

ஓவியர் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"சரியாத்தான் போட்டிருக்கீங்க. தப்பான கோட்டைப் பாத்தா கை தானா ஓடுது மேடம். இந்தக் கையைக் கொஞ்சம் கட்டிப் போடுன்னு சாமிகிட்டயும் சொல்லிப் பாத்துட்டேன்."

"சாமி என்ன சொன்னாரு?"

"அது உன் வேலைன்னுட்டாரு."

அடுத்த வாரம் அதே வகுப்பு, அதே நாற்காலி. ஓவியர் நேரே அந்தச் சிறுமியிடம் போனார்.

"போன வாரம் உன் படத்தை நான் பிடுங்கிக்கிட்டேன். தப்புதான். இன்னிக்கு நீ எனக்குச் சொல்லிக் குடு."

வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் சாக்பீஸைப் பிடித்தார். கரும்பலகையில் கோடு தள்ளாடியது. வகுப்பு சிரிப்பில் குலுங்கியது.

"டீச்சர், அது மயங்கி விழப்போகுது," என்றான் ஒருவன்.

"அப்ப எங்க தப்பு? பலகையைப் பாக்காதே, நாற்காலியைப் பாரு."

சிறுமி எழுந்து வந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"பின்னங்கால் அவ்வளவு கீழ வரல டீச்சர். கொஞ்சம் மேலயே முடிஞ்சிடுது."

"எவ்வளவு மேல?"

"ரெண்டு விரக்கடை."

ஓவியர் அழித்து, அவள் சொன்னபடியே வரைந்தார். நாற்காலி காலை ஊன்றி நின்றது. சிறுமி ஓடிப்போய்ப் புதுத் தாள் எடுத்தாள். அப்புறம் அவளை நிறுத்த ஆளில்லை.

வரிசைகளுக்கு நடுவே ஓவியர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். வலது கை விரல்கள் துடிப்பதும், இடது கை அவற்றை இறுகப் பிடித்திருப்பதும் பின்வரிசையில் இருந்தவளுக்குத் தெரிந்தது. கைவந்த வித்தையை ஒரு குழந்தைக்காக அடக்கி வைக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! பேராசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு மார்க் போட்டாள்.

"தொண்ணூத்தெட்டா? ரெண்டு மார்க் எங்க போச்சு மேடம்?"

"வருகைப் பதிவு எடுக்கல."

ஓவியர் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார்.

"இனிமே முதல்ல அதுதான்," என்றார்.