நீலக் கோட்டு

மருமகளுக்கு வயிறு எரிந்தது. அவள் கை முறிந்து மாவுக்கட்டோடு உட்கார்ந்ததால்தான் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ள அந்த நர்ஸ் வந்தாள். வந்தவள் இரண்டே வாரத்தில் வீட்டுக்கு மகாராணி ஆகிவிட்டாள்.

“பாவம், காலைலேர்ந்து நின்னுட்டே இருக்காங்க” என்று புருஷன் ஓடிப்போய் நாற்காலி போட்டான். இத்தனை வருஷமாக அதே கட்டிலருகே நின்றவளுக்கும் கால் என்று ஒன்று இருப்பது அந்த மனுஷனுக்குத் தெரியாது. கிழவியோ, நர்ஸ் புரட்டிப் படுக்க வைத்தால் “நல்லா இரும்மா” என்பாள். மருமகள் புரட்டினால் “மெதுவாடி!” என்ற அதட்டல்தான். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் ஆனால் நர்ஸ் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாளே, அதைத்தான் மருமகளால் தாங்க முடியவில்லை. வேலை முடிந்து கிளம்புவதாமே!

கட்டுப் பிரித்த பிறகும் நர்ஸ் வந்துகொண்டுதான் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை. நர்ஸுக்கு லீவு. மாமியாருக்கு உடம்பு துடைத்துவிடும்போது வாளி கவிழ்ந்து மருமகள் தொப்பலாக நனைந்தாள். கதவுக்குப் பின்னால் நர்ஸின் நீலக் கோட்டு தொங்கியது. ஈரத்தைக் களைந்துவிட்டு அதை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

கிழவிக்குக் கண்ணும் மங்கல், காதும் மந்தம். நீலம் தெரிந்தால் நர்ஸ், அவ்வளவுதான்.

“ஞாயித்துக்கிழமைகூட வந்துட்டியாம்மா?” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். “உன் கை பட்டாதான் எனக்கு நிம்மதி. என் மருமகளுக்கு இந்தப் பக்குவம் வராது. அவளச் சொல்லியும் குத்தமில்ல, வீட்ல சும்மா இருந்தே பழகிட்டா.”

மருமகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நர்ஸின் மேல் இருந்த பொறாமையெல்லாம் இறங்கி, தான் போட்டிருந்த கோட்டின் மேல் ஏறிக்கொண்டது. அதே கைதான், அதே துணிதான். மரியாதை மட்டும் நாலு பித்தானுக்கு.

துடைத்து முடித்தாள், தலை வாரிவிட்டாள், போர்த்தினாள். பிறகு கிழவியின் காதோடு குனிந்து, “நான் கிளம்பறேம்மா” என்றாள்.

“பாத்துப் போயிட்டு வாம்மா.”

இந்த வீட்டில் அவளுக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவள் எங்கே போனாள், சொல்வதற்கு?

கூடத்தில் புருஷன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். “எங்க கிளம்பிட்ட? அம்மாவ யாரு பாத்துக்கறது?”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

“உங்க பொண்டாட்டி இருக்காளே. சும்மாதானே இருக்கா, அவளப் பாத்துக்கச் சொல்லுங்க.”