நாலு புள்ளி ரெண்டு

விடிந்தும் விடியாத வேளையிலேயே பட்டறையில் எங்கள் ஏழு பெண்களுக்கும் இடுப்பு ஒடிந்துவிடும். ஸ்கூட்டர்களில் கழற்றிய லித்தியம் பேட்டரிகளைத் தூக்கி மேசையில் வைத்து, உறையைக் கிழித்து, செத்த செல்லைப் பிடுங்கி, நல்லதைப் பொருத்தி, சார்ஜரில் மாட்ட வேண்டும். பற்றுவைக்கும் புகை தொண்டையை அறுக்கும். இருப்பது ஒரே ஜன்னல். அந்த ஜன்னல் மேசை என் கொழுந்தன் பெண்டாட்டிக்கு!

அவள் வேலைக்கு வந்து ஆறு மாதம். நான் ஒன்பது வருஷம். வயிறு எரியாதா? விரலில் சிவப்பு நெயில் பாலிஷ் வேறு. "இவ போடுற பேட்டரி பத்துக் கிலோமீட்டர் கூடுதலா ஓடுது. நீங்களும் இருக்கீங்களே!" என்பார் முதலாளி. வீட்டில் மாமியாரும் அதே பாட்டு.

ஒருநாள் அவள் சாப்பிடப் போனதும் அவளுடைய சார்ஜரில் மீட்டரை வைத்தேன். செல்லுக்கு 4.35 வோல்ட் வீதம் ஏறியது! 4.2 தான் எல்லை. அதோடு செல்லின் வயிறு நிறைந்துவிடும். மேலே திணித்தால் கொஞ்சம் கூடுதலாக ஓடும்தான். ஆனால் உள்ளே சூடேறி வீங்கும், ஒருநாள் தீப்பிடிக்கும். மாட்டினியா மகளே என்று முதலாளியிடம் ஓடினேன்.

அவர் சிரித்தார். "நான்தான் சார்ஜர் திருகைத் திருப்பிக் கூட்டி வைக்கச் சொன்னேன். சீக்கிரம் எல்லா மேசையிலயும் அப்படித்தான். ஜன்னல் மேசை வேணும்னா நீ வாயைத் திறக்காத."

திறக்கவில்லை. அவ்வளவு பொறாமை எனக்கு.

மறுநாள் காலையில் அவள் மேசையில் ஒரு பேட்டரி உப்பி, சீறி, தீயைக் கக்கியது. மணல் வாளியோடு ஓடினோம். அதற்குள் அவளுடைய வலது உள்ளங்கை வெந்துவிட்டது.

"கவனம் இல்லாதவ. இனி இங்க வேண்டாம்," என்ற முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ ஜன்னலுக்குப் போ."

ஆசைப்பட்ட நாற்காலி. உட்காரக் கூசியது.

சாயங்காலம் வீட்டில் கைக்கட்டோடு சுருண்டு கிடந்தாள். "முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானேடி?" என்றேன்.

"சொன்னா உங்க வேலையும் போயிடும்னாரு, அக்கா."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவள் கட்டுப்போட்ட கையை ஊன்றாமல் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்தாள். "நாலு புள்ளி ரெண்டுல வச்சு, திருகு மேல இதப் பூசிடுங்க. யாரு திருகினாலும் பூச்சு உடைஞ்சு காட்டிக்கொடுத்துடும்."

பாருங்கள், அந்த யோசனையும் அவளுக்குத்தான் வந்தது!

"உன் சிவப்புன்னு உன்னைத்தான் பிடிப்பாரு. எல்லார் நகத்துலயும் இருக்கட்டும்," என்றேன். இடக் கையால் கோணல்மாணலாக என் நகங்களுக்குப் பூசினாள்.

மறுநாள் விடியலில் அவளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, மீதி ஆறு பேரும் ஒவ்வொரு சார்ஜரையும் நாலு புள்ளி ரெண்டில் வைத்து, திருகின் மேல் சிவப்பைப் பூசினோம். முதலாளி குனிந்து பார்த்தார்.

"யாரு வேலை இது?"

கைகளை நீட்டினோம். அறுபது நகமும் சிவப்பு.

"எல்லாரையும் வெளியே தள்ளிடுவேன்!"

"தள்ளுங்க சார். நாலு புள்ளி ரெண்டுக்கு மேல ஒருத்தியும் ஏத்த மாட்டோம். வெளிய கேட்டுப் பக்கத்துல நிக்கிறவளும் உள்ள வரணும், அவ வைத்தியச் செலவும் உங்களோடது," என்றேன்.

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் ஒரு பேட்டரியையும் தொடவில்லை. கேட்டுக்கு நடந்தோம்.

கைக்கட்டுக்கு வெளியே தெரிந்த அவளுடைய நகங்களில் அந்தச் சிவப்பு அப்போதும் எங்கள் எல்லோரையும்விட எடுப்பாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. எரிந்தால் எரியட்டும் என்று அவளை ஒட்டிப் போய் நின்றேன்.