கிரீடம் குத்திய ரப்பர் மீன்

லாஸ் கார்சாஸ் ஏரிக்கு மீன் பிடிக்க வருகிற ஆண்களை ஒஃபீலியா முன்கியா இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தாள். பிடித்துவிட்டுப் பேசுகிறவர்கள் ஒரு வகை. பேசிவிட்டுப் பிடிக்கப் போகிறவர்கள் இன்னொரு வகை. ரப்பர் மீன் வீசுகிறவர்கள் மொத்தப் பேரும் இரண்டாவது வகை என்பது, படகுத்துறையில் இருபத்திரண்டு வருடம் வாடகைச் சீட்டுக் கிழித்து, தராசு பிடித்து, அவள் கண்ட முடிவு.

ரப்பர் மீன் என்றால் குழந்தைகள் குளியல் தொட்டியில் மிதக்கவிடும் சமாசாரம் அல்ல. ஒரு சாணுக்குக் குறையாத ட்ரவுட் மீனை அப்படியே வார்த்து, செதில் செதிலாகச் சாயம் பூசி, கண்ணாடிக் கண் ஒட்டி, அடிவயிற்றில் கொக்கி மாட்டியிருப்பார்கள். ஒன்றின் விலைக்கு ஒரு குடும்பம் ஒரு வாரம் சாப்பிடலாம். குளிர்காலத்தில் வியாழக்கிழமைதோறும் லாரியில் ட்ரவுட் மீன்களைக் கொண்டுவந்து ஏரியில் கொட்டுகிறார்கள். அதைத் தின்று கொழுத்த கிழட்டுப் பாஸ் மீன்கள் பூச்சியையும் புழுவையும் திரும்பிப் பார்க்காது, ட்ரவுட் மாதிரி ஒன்றைக் காட்டினால்தான் வரும் என்பது அவர்கள் கணக்கு. கணக்கில் தப்பில்லை என்று ஒஃபீலியாவே ஒத்துக்கொள்வாள். அதைத் தூக்கிக்கொண்டு அலைகிற தலைகளைத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

விடியற்காலையிலிருந்து பொழுது சாயும்வரை தோள் கழன்று போகிற அளவுக்கு வீசுவார்கள். சாயங்காலம் வெறுங்கையோடு கரைக்கு வந்து, "ஒண்ணு பின்னாலயே வந்துச்சு. இம்மாம் பெருசு. படகுகிட்ட வந்து திரும்பிப் போயிருச்சு" என்று கண்ணை அகல விரிப்பார்கள்.

"பின்னால வந்த மீனுக்கு என் தராசுல எடை கிடையாது" என்பாள் ஒஃபீலியா. சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குச் சீட்டுக் கிழிப்பாள்.

அவள் அப்படிப் பேசலாம். கல்லாவுக்கு மேலே தொங்கிய பலகையில் முதல் வரி அவளுடையது. ஏரியின் சாதனை: பதினைந்து பவுண்டு பதினொரு அவுன்ஸ். பிடித்தவர்: ஒஃபீலியா முன்கியா. இரை: உயிர் நண்டு. பதினைந்து வருடத்துக்கு முன், எட்டு மாத வயிற்றோடு, கரையில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பிடித்தது. "நகர முடியாம உக்காந்திருந்தா, பாவம் பாத்து மீனே தேடி வந்திருச்சு" என்று ஆண்கள் அன்றைக்கே கேலி பேசினார்கள், இன்றைக்கும் பேசுகிறார்கள். பழுதான படகு மோட்டாரை அவள் கழற்றி மாட்டுவதை எவனும் பெரிதாக நினைத்ததில்லை. ஆனால் அந்த ஒரு வரி தலைக்கு மேல் இருந்ததால், கேலி பேசுகிறவனும் இரண்டடி தள்ளி நின்றே பேசினான். அது போய்விட்டால் தான் வெறும் சீட்டுக் கிழிக்கிறவள் என்பது ஒஃபீலியாவுக்குத் தெரியும். அதை நினைத்தால் அவளுக்குப் பயமாகவே இருந்தது.

அந்த வரியை அழிப்பதற்கென்றே பிறந்தவனாகத் தன்னை நினைத்துக்கொண்டிருந்தான் ட்ரெவர் ஸ்டாலிங்ஸ். சொந்தமாக ரப்பர் மீன் வார்த்து விற்பவன். ஒவ்வொன்றின் அடிவயிற்றிலும் சின்னதாக ஒரு கிரீடம் குத்தியிருப்பான். வாரம் ஒரு வீடியோ போடுவான். படம் பிடிப்பது அவன் மனைவியின் தம்பி வேட். வீடியோவில் ட்ரெவர் தன்னை ஏரியின் ராஜா என்று சொல்லிக்கொள்வான். மூன்று வருடமாக ராஜா தராசுக்குக் கொண்டுவந்த மிகப் பெரிய மீன் ஆறு பவுண்டு.

ரப்பர் மீனுக்கு ஒரு சங்கடம் உண்டு. மிருதுவானது, வீச வீச கொக்கி அறுத்துக் கிழிந்துவிடும். கிழிந்ததை ட்ரெவர் கொக்கியிலிருந்து பிய்த்துத் தண்ணீரில் எறிந்துவிட்டுப் புதியதை மாட்டுவான். ஜனவரியில் ஒருநாள் துறைமேடையில் நின்றபடியே அப்படி இரண்டை எறிந்தான். ஒஃபீலியா பார்த்துவிட்டாள்.

"தம்பி, கிழிஞ்சத தண்ணில போடாதீங்க. அதையெல்லாம் போடத்தான் அங்க குழாய்ப் பெட்டி வெச்சு எழுதியும் போட்டிருக்கேன்."

"ஏரி பெருசு அம்மணி."

"மீனோட வாயும் பெருசுதான். முழுங்கிச்சுன்னா வயித்துல ஊறி ரெண்டு மடங்காயிரும். வெளியவும் வராது, கரையவும் கரையாது."

"என் ரப்பரைக் கடிக்கிற மீன் இந்த ஏரில இன்னும் பொறக்கலன்னு போன வாரம் எல்லார் முன்னாலயும் சிரிச்சீங்க. இப்ப முழுங்கிரும்ங்கிறீங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

அவன் சொன்னது வாஸ்தவம். அவள் சிரித்தது உண்மைதான். அது இரண்டு நாள் அவளை உறுத்தியது. அவனோ அந்தச் சூட்டோடு கேமரா பக்கம் திரும்பி, புது ரப்பர் மீனின் வயிற்றைக் காட்டினான். "இந்தக் கிரீடம் நானே செஞ்ச அச்சு, மக்களே. இதை எவனாலும் காப்பி அடிக்க முடியாது."

மார்ச் இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வேகத்தடைக் கயிற்றை மதிக்காமல் ஒரு படகு துறைக்குள் பாய்ந்து வந்தது. ட்ரெவர் எழுந்து நின்றிருந்தான். வேட் ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்து நேரலை விட்டுக்கொண்டிருந்தான். வலைக்குள் இருந்த மீனைப் பார்த்ததும், கெளுத்திக்குத் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த கிழவர் பெனிங்னோ காப்பிக் குவளையை வைத்துவிட்டு எழுந்தார். அவர் யாருக்காகவும் எழுகிற ஆள் இல்லை.

ஒஃபீலியா பாதி தின்ற புரீட்டோவைத் தாளில் சுற்றி வைத்துவிட்டு, கையை நனைத்துக்கொண்டு வந்தாள்.

"கை வைக்காதீங்க" என்றான் ட்ரெவர். "பழைய ரெக்கார்டு உங்களோடது. உங்க கை பட்டா நாளைக்கு ஆயிரம் பேச்சு வரும். நானே வைக்கிறேன், நானே எடுக்கிறேன். நீங்க நம்பரை மட்டும் படிச்சாப் போதும்."

"விதி இருக்கு. எடை போடறவ தொண்டைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாக்கணும்."

"ஈயக்குண்டு போட்டு எடுத்துட்டு வந்திருக்கேன்ங்கிறீங்களா? ரெண்டாயிரம் பேர் பாத்துட்டிருக்காங்க, அம்மணி. வயித்தெரிச்சல கொஞ்சம் மறைச்சுக்குங்க."

அவள் முகம் சிவந்தது. டார்ச்சை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

உதட்டில் மாட்டியிருந்த ரப்பர் மீனைக் கழற்றிவிட்டு, ஈரத் துணித் தொட்டிலில் மீனைக் கிடத்தித் தராசில் மாட்டினான் ட்ரெவர். முள் ஆடி நின்றது. அவள் இரண்டு முறை பார்த்தாள். தராசு அவளுடையது, ஆண்டுதோறும் அவளே கொண்டுபோய் முத்திரை வாங்கி வருவது. அது பொய் சொல்லாது.

"பதினாறு பவுண்டு ஒரு அவுன்ஸ்" என்று படித்தாள்.

ட்ரெவர் போட்ட கூச்சலில் கொக்குகள் பறந்தன. பதினைந்து வருடம் கேலியைத் தாங்கிய ஒஃபீலியாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இவன் முன்னால் அழுவதைவிட ஏரியில் குதித்துவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். யாரோ ஒரு நல்ல பயல், வாயை மூடிக்கொண்டு மீன் பிடிக்கிற ஒருத்தன், இந்த மீனோடு வந்திருந்தால் அவளுக்கு இத்தனை வலித்திருக்காது. அற்பனுக்கு வாழ்வு வந்துவிட்டது, இனி அர்த்தராத்திரியில் குடைதான்.

அழுகையை விழுங்குவதற்காக மீனைப் பார்த்தாள். அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தாள். தலை பெரிது, ஆனால் முதுகில் சதையே இல்லை. வயிறு மட்டும் தனியாகத் தொங்கியது. மீன் செவுளைத் திறந்து மூடியபோது, தொண்டைக்குள் வெளிறிப்போன ஏதோ ஒன்று தெரிந்து மறைந்தது.

சொன்னால் வயிற்றெரிச்சல்காரி. சொல்லாவிட்டால் பலகையில் பேர் போயிற்று. ஒஃபீலியா மேசைமேல் இருந்த டார்ச்சை எடுத்து அவனிடமே நீட்டினாள்.

"நான் தொடல தம்பி. ஆனா தொண்டையப் பாக்காம பலகைல எழுத முடியாது. நீங்களே அடிச்சு, உங்க ஆளுங்களுக்கே காட்டிடுங்க."

காட்டு என்று சொன்னால் போதும், ட்ரெவருக்கு. மீனின் தாடையைப் பிடித்துத் திறந்து, டார்ச்சை அடித்தான். "பாருங்க மக்களே, வாயா இது, வாளி."

"மச்சான்," என்றான் வேட், "உள்ள ஏதோ வாலு மாதிரி தெரியுது."

"ட்ரவுட்டுடா. காலைல சாப்பிட்டிருக்கு. இரை வயித்துல இருந்தா எடையில சேரும்தானே, அம்மணி?"

"இரைன்னா சேரும்."

"எடுத்தே காட்டறேன். அப்புறம் எவனும் ஈயம், இரும்புன்னு பேசக் கூடாது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது மீனின் வாயால். நீளக் குறடை உள்ளே விட்டு அவன் மெதுவாக இழுத்தான். வந்தது. வந்துகொண்டே இருந்தது. சாயமெல்லாம் போய், ஊறி, தலையணை மாதிரி உப்பிய ஒரு ரப்பர் மீன். கண்ணாடிக் கண் மட்டும் அப்படியே பளபளத்தது. ட்ரெவர் அதைச் சட்டென்று திருப்பிப் பிடிக்கப் பார்த்தான். அதற்குள் வேட், கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமல், வழக்கம்போலக் கேமராவை வயிற்றுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனான். கிரீடம் நன்றாகத் தெரிந்தது.

பெனிங்னோ குனிந்து பார்த்தார். "இதோட தம்பியும் உள்ளதான் இருக்கான் போல" என்றார்.

இருந்தான். அவனையும் எடுத்தார்கள். அவனுக்கும் கிரீடம்.

"இது எவனோ காப்பி அடிச்சது" என்றான் ட்ரெவர்.

"எவனாலும் காப்பி அடிக்க முடியாதுன்னு ஜனவரில இதே எடத்துல நின்னு சொன்னீங்களே" என்றாள் ஒஃபீலியா.

"ஆமா, அந்த வீடியோ நான்தான் எடுத்தேன்" என்றான் வேட்.

"போனை அணைடா."

"அணைக்கத்தான் மச்சான் பாக்கறேன். கை ஈரமா இருக்கு, கேக்க மாட்டேங்குது. நாலாயிரம் பேர் ஆயிட்டாங்க."

ஒஃபீலியா மறுபடி மீனைத் தொட்டிலில் கிடத்தினாள். இந்த முறை கை வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை. பதினைந்து பவுண்டு ஏழு அவுன்ஸ். சத்தமாகப் படித்தாள். அவள் வரி தப்பித்தது.

சந்தோஷத்தில் குதிக்க வேண்டும் போல இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. வயிறு காற்றுப்போன பை மாதிரி மடிந்து கிடந்த அந்த மீனைப் பார்க்க அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அளவு நாடாவை எடுத்து மூக்கிலிருந்து வால்வரை பிடித்தாள். இருபத்தொன்பது அங்குலம்.

"இந்த நீளத்துக்கும் இந்தத் தலைக்கும் பதினேழு பவுண்டு இருக்கணும்" என்றாள். "ரெண்டு மாசமா ஒழுங்கா ஒண்ணும் உள்ள போயிருக்காது. தொண்டைய நீங்க அடைச்சு வெச்சிருக்கீங்க. இன்னிக்குக் கடிச்சது உங்க கைத்திறமைக்கு இல்ல, பசிக்கு. கிழிஞ்சத அந்தக் குழாய்ல போட்டிருந்தீங்கன்னா, இந்நேரம் என் பேரை நானே அழிச்சிட்டிருப்பேன், தம்பி."

ட்ரெவர் வேட் பக்கம் திரும்பினான். மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கேமராவைக் கையால் மறைத்தான்.

அவள் மேடை விளிம்பில் மண்டியிட்டு, மீனின் தாடையைப் பிடித்துத் தண்ணீருக்குள் முன்னும் பின்னும் மெதுவாக அசைத்தாள். பெனிங்னோ பக்கத்தில் குந்திக்கொண்டார். வெகுநேரம் செவுள் ஏறி இறங்கியது, வால் ஆடவில்லை. முட்டி வலித்தது, அவள் எழவில்லை. கடைசியில் மீன் அவள் கட்டைவிரலை ஒரு கடி கடித்துவிட்டு ஆழத்துக்குப் போயிற்று. "போடி, போய்ச் சாப்பிடு" என்றாள் ஒஃபீலியா. அந்தக் காலையில் அவள் யாரிடமாவது அன்பாகப் பேசினது அது ஒன்றுதான்.

எழுந்தபோது ட்ரெவர் மேசைமேல் இருந்த இரண்டு ரப்பர் மீன்களையும் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"வெச்சிட்டுப் போங்க."

"இது என்னோடது."

"இப்பதான் எவனோ காப்பி அடிச்சதுன்னீங்க."

துண்டு மேசைக்குத் திரும்பியது. அவள் இரண்டையும் குழாய்ப் பெட்டியில் போடப் பார்த்தாள். ஊறிப்போன உடம்பு குழாயின் வாய்க்குள் போகவில்லை. அப்படியே பெட்டிமேல் வைத்தாள், வருகிறவன் போகிறவன் பார்க்கட்டும் என்று.

பிறகு தூரிகையையும் மைக்குப்பியையும் எடுத்துக்கொண்டு முக்காலிமேல் ஏறினாள். சாதனை வரிக்குக் கீழே அந்தந்த ஆண்டின் பெரிய மீனுக்கு ஒரு வரி உண்டு. இந்த ஆண்டு அதுவரை வந்ததில் இதுதான் பெரியது. விதி விதிதான். தனக்குப் பிடிக்காதவன் என்பதற்காக விதியை அவள் மாற்றினதில்லை. எடையை எழுதினாள். ட்ரெவர் ஸ்டாலிங்ஸ் என்று பேரை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதினாள். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, திரும்பிப் பார்த்தாள்.

"இரைன்னு ஒரு கட்டம் இருக்கு. எதை எழுதட்டும்? உதட்டுல மாட்டியிருந்ததையா, வயித்துல இருந்ததையா?"

அவன் வண்டியை நோக்கி நடந்தான். வேட் இன்னும் போனோடு மல்லுக்கட்டிக்கொண்டே பின்னால் ஓடினான். வண்டிக் கதவு அறைந்து சாத்தப்படும்வரை ஒஃபீலியா பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் மையைத் தொட்டு, கட்டத்துக்குள் அடங்கும்படி நிதானமாக எழுதினாள்: ரப்பர் மீன், மூன்று.