பாப்பாயி பெயர் வெட்டிய டம்ளர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு டம்ளரில் கிடைத்தது. எங்கள் வீட்டு அடுக்களையில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்களில் ஒன்றில், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவருடைய பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கிறது. கல்யாண வீட்டில் மாறியிருக்கும் என்றார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும், போய்ப் பாருங்கள். (இப்போது வேண்டாம். கதை முடியட்டும்.)

அதை மேசைமேல் வைத்துக்கொண்டு மூன்று முறை தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: "காவிரி வற்றி மணல் திட்டுகள் தெரிந்த அந்த வைகாசியில் —" வேண்டாம். ஆற்றங்கரைக் கதை என்றாலே காவிரியைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைப்பது ஒரு வியாதி.

இரண்டாவது: "குற்றவியல் என்பது குற்றம் எப்படிப் பிறக்கிறது, யார் செய்கிறார், யார் இழக்கிறார், யார் மறைக்கிறார் என்று ஆராய்கிற —" இது பாடம். பாடம் நடத்துவது கதையில் வரப்போகும் சௌந்திரத்தின் வேலை. என் பிழைப்பு வேறு.

மூன்றாவது தேறியது.

2

1983 வைகாசியில் சௌந்திரம் அறுபது படிவங்களோடு ஊருக்கு வந்தாள்.

ஊரின் பெயர் ———. பரமத்தி வேலூரிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம், சுற்றிலும் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும். இவ்வளவு போதும். பெயரை ஏன் எழுதவில்லை என்பது போகப் போகத் தெரியும்.

அவளுக்கு இருபத்தேழு வயது. மதராஸில் ஒரு பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறையில் தற்காலிக ஆராய்ச்சி உதவியாளர். ஊரில் "போலீஸ் படிப்பு படிச்ச புள்ள" என்பார்கள். திருடனைப் பிடிக்கிற வேலை இல்லை என்று அப்பா செங்கோட்டையனுக்கு மூன்று முறை விளக்கியிருக்கிறாள். அவர்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். மூன்று முறையும் "அப்பச் செரி சாமி" என்று சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜூன் கடைசியில் நிரந்தர விரிவுரையாளர் பதவிக்குத் தேர்வு. ஒரே ஓர் இடம். சௌந்திரத்துக்கு அந்த இடம் வேண்டும். சம்பளம், கௌரவம் எல்லாம் இருக்கட்டும். துறைத் தலைவர் ஊரில் இல்லாத நாட்களில் அவள் வகுப்பெடுத்திருக்கிறாள். "வாழ்க்கையில் எதையாவது கேட்காமல் எடுத்தவர்கள் கையைத் தூக்குங்கள்" என்று தொடங்குவாள். கூச்சத்தோடு ஒவ்வொன்றாகக் கை எழும்பி, கடைசியில் வகுப்பு முழுக்கக் கைகளாக இருக்கும்போது அவளுக்கு மனசு நிறைந்துவிடும். அந்த அறையை விட்டுப் போக அவள் தயாராக இல்லை.

அந்த இடம் கிடைக்க ஓர் ஆராய்ச்சி அறிக்கை வேண்டும். தலைப்பு: காவல் நிலையத்துக்குப் போகாத களவுகள். படிவத்தில் ஒன்பது கேள்விகள். எட்டாவது கேள்விதான் உயிர்: 'காவல் நிலையத்தில் ஏன் சொல்லவில்லை?' அந்நிய ஊரில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் சொந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாள்.*

நாற்பத்திரண்டு வீடுகள் ஏறி இறங்கினாள்.

"களவா? நம்மூர்லயா? நீயொருத்தி அம்மிணி!" என்றார் முதல் வீட்டு மணியன். தேங்காய் உரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து சொன்னார். "வெய்யல்ல வந்திருக்கற, மோரு குடி."

"ஒரு தேங்காய்கூடப் போனதில்லீங்களா மாமா? ஒரு கோழி?"

"கோழி அதாப் போகும், அதா வரும். அதையெல்லாமா எழுதுவாங்க?"

நாற்பத்திரண்டு வீட்டிலும் மோர் கிடைத்தது. நாற்பத்திரண்டு படிவத்திலும் 'இல்லை'. அவள் நிலவரத்தை எழுதிப் போட, துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. (இங்கிலீஷில் இருந்தது, அவர் கோபத்தைக் குறைக்காமல் தமிழில் தருகிறேன்.) "ஒன்று, நீ சொர்க்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறாய். அப்படியென்றால் எனக்கும் அங்கே ஒரு வீடு பார். அல்லது, உனக்குக் கேட்கத் தெரியவில்லை. அப்படியென்றால் இதைத் தூக்கிக்கொண்டு தேர்வுக் குழு முன்னால் வந்து நிற்காதே."

* இந்தக் கணக்கு தப்பு என்பதுதான் கதை. படிக்கும்போதே நீங்கள் ஊகித்திருந்தால் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், அடுத்த பகுதியில் அவளே பட்டுத் தெரிந்துகொள்வாள்.

3

நாற்பத்து மூன்றாவது வீடு பாப்பாயியுடையது. வீட்டில் ஆளில்லை. கொடிக்கால் ஓரத்தில் கீற்றுக் கொட்டகைக்குள் உட்கார்ந்து வெற்றிலையை நூறு நூறாகக் கவுளி கட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். சௌந்திரத்துக்குப் பெரியம்மா முறை.

"தண்ணி குடிக்கறயா? தூக்குப் போசில இருக்குது. டம்ளர்தான் கொண்டாரல."

"எங்கிட்ட இருக்குதுங்க பெரிம்மா." ஹாஸ்டல் பழக்கம், பைக்குள் எப்போதும் ஒரு டம்ளர் வைத்திருப்பாள். எடுத்து நீட்டினாள்.

வாங்கிய பாப்பாயி அதைத் திருப்பிப் பார்த்தாள். "அட, இது இன்னும் இருக்குதா!" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயை உடனே மூடிக்கொண்டாள்.

டம்ளரில் 'ப. பாப்பாயி' என்று வெட்டியிருந்தது. பத்து வருடமாகச் சௌந்திரம் அதில்தான் குடிக்கிறாள். அந்தப் பெயரைப் பார்க்காமல் இல்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாப்பாயிகளுக்குப் பஞ்சமா? மாறி வந்தது என்று வீட்டில் சொன்னார்கள், அவளும் அதற்குமேல் யோசிக்கவில்லை. குற்றவியல் படித்தவள் இதைக் கேட்டிருக்க வேண்டாமா என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. நான் என் வீட்டு டம்ளரைத் திருப்பிப் பார்த்ததே போன வருடம்தான்.

"பெரிம்மா, இது உங்களுதுங்களா?"

"பேரு இருந்தா எனக்குள்ளதாயிருமா? குடி சாமி."

"எப்பங்க போச்சு?" கை தானாகப் படிவத்தை எடுத்தது.

"போச்சுன்னு எழுதாத. அது வந்துட்டுப் போற சாமான்." பாப்பாயி ஓர் இலையைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். "உங்கம்மா தங்கமானவ. கைதான் ஒவ்வொரு நேரம் அது பாட்டுக்குப் போயிரும். ஒரு கரண்டி, ஒரு வட்டலு, என்னமோ ஒண்ணு. அடுத்த நா வெடியால உங்கய்யன் ஒரு சீப்புப் பழத்தோட வாசல்ல வந்து நிப்பாரு. 'மாறி வந்துருச்சுங்க'ம்பாரு. நாங்களும் 'ஆமாங்க, மாறித்தான் போயிருக்கும்'னு வாங்கி வெச்சுக்குவம். முப்பது வருசமா இப்படித்தான்."

"எத்தனை ஊட்லீங்க?"

"ஊர்ல எத்தன ஊடு இருக்குது?"

சௌந்திரம் படிவத்தைக் கீழே வைத்தாள். "அப்பறம் ஏன் எல்லாரும் எங்கிட்ட இல்லீன்னாங்க?"

"பெத்தவளப் பத்தி புள்ள கைலயே எழுதச் சொல்றதாக்கும்?"

பிறகு மெதுவாக மற்றதும் வந்தது. ஒரு கல்யாணத்துக்குச் செங்கோட்டையன் மனைவி சென்னம்மாளை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தனியாக வந்தாராம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களே அவர் வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்தார்களாம். "சென்னம்மா இல்லாம என்ன கண்ணாலம்? ஒரு போசி போனாப் போகுது, வாங்க" என்றார்களாம்.

"இந்த டம்ளரையும் உங்கய்யன் கொண்டாந்துட்டாரு. நீ காலேஜிக்குப் போற வாரம். புள்ள எடுத்துட்டுப் போகட்டும், அங்க போயி ஆரோ குடுக்கற டம்ளர்ல குடிக்கோணுமான்னு நாந்தான் திருப்பித் தாட்டி உட்டேன்."

சௌந்திரம் அழுதாள். பாப்பாயி தடுக்கவில்லை. கவுளியைக் கட்டி முடித்துவிட்டுத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாள்.

4

இங்கே எனக்குச் செங்கோட்டையன்மேல் சந்தேகம் வந்தது. ஒரு மனிதர் முப்பது வருடம் பழச் சீப்போடு வாசல் வாசலாகப் போய் நிற்பாரா? ஒரு நாள்கூடக் கை ஓங்கியிருக்கமாட்டாரா? நம்பும்படியாக இருக்கட்டும் என்று, "அன்று அவர் அடுப்பில் எரிந்துகொண்டிருந்த கொள்ளிக்கட்டையை —" என்று எழுதிப் பார்த்தேன். அந்தக் கை என் பேச்சைக் கேட்கவில்லை. அந்த வரியை அடித்துவிட்டேன். கோபம் வரும் நாட்களில் அவர் கொடிக்காலுக்குப் போய் இருட்டும்வரை வராமல் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு ஆறிப்போகும். சென்னம்மாள் அதைச் சூடு பண்ணி வைத்திருப்பாள்.

சௌந்திரத்தின் தலைவலி அதைவிடப் பெரிது. அவள் கையில் புதையல் இருக்கிறது. போலீஸ் இல்லை, பஞ்சாயத்து இல்லை, அவமானம் இல்லை. ஓர் ஊர் முழுக்கச் சேர்ந்து ஒரு களவைக் களவாக விடாமல் வைத்திருக்கிறது. இதை எழுதினால் குழு எழுந்து நின்று வேலையைக் கொடுக்கும். ஆனால் அறிக்கை அச்சாகும், நூலகத்துக்குப் போகும். 'காவிரிக்கரைக் கிராமம் ஒன்று', 'திருமதி செ.' என்றெல்லாம் எத்தனை போர்வை போர்த்தினாலும் வேலூர்க்காரர் ஒருவர் படித்தால் போதும். அவளுக்காக நாற்பத்திரண்டு வீடுகள் பொய் சொல்லியிருக்கின்றன. எழுதாவிட்டால் வெறும் 'இல்லை'களோடு போய் நிற்க வேண்டும். அந்த வகுப்பறைக்கு வேறு யாரோ வருவார்கள்.

(என்னைப் பார்த்து, "நீ மட்டும் எழுதலாமா?" என்று கேட்கிறீர்கள். கேளுங்கள். அதனால்தான் ஊர்ப் பெயர் இல்லை. அது போதுமா என்று எனக்கும் தெரியவில்லை.)

5

மிச்ச வீடுகளிலும் அதே 'இல்லை'தான். அறுபதாவது படிவம் அவள் வீட்டுக்கு. மதியம் சென்னம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். சௌந்திரம் எதிரே உட்கார்ந்து, அந்நிய வீட்டில் கேட்பதுபோலவே கேட்டாள்.

"இந்த வீட்டில் எப்போதாவது களவு போயிருக்கிறதா?"

"நம்மூட்ல இருந்து என்னத்தப் போச்சு? வந்ததுதான் சாஸ்தி."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை என்று கண்டதும் அரிசிக்குள் இருந்த கை அப்படியே நின்றது.

"பாப்பாயி சொன்னாளா?"

"டம்ளர் சொல்லுச்சும்மா."

சென்னம்மாள் அரிசிப் பாத்திரத்தை ஓரமாக நகர்த்தி வைத்தாள். "வேணும்னு இல்ல சாமி. ஊட்டுக்கு வந்தப் பொறவுதான் கைல இருக்கறதே தெரியும். அப்ப உங்கய்யன் மொகத்தப் பாக்கறதுதான்..." அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கப் போவதில்லை.

"இத எழுதுனா உனக்கு அந்த வேல ஆகுமா?"

"ஆகலாம்மா."

"அப்ப எழுதிக்க. எம் பேரப் போட்டே எழுதிக்க. முப்பது வருசமா ஊராம் பேரு வெட்டுன சாமானத்தையே கைல புடிச்சிருக்கறேன். எம் பேரும் ஒரு எடத்துல இருந்துட்டுப் போகட்டும்."

சௌந்திரம் அம்மாவின் ஈரக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கையின்மேல் அவளுக்கு ஏற்பட்ட பிரியத்தை எந்தக் கேள்வியின் கீழும் எழுத இடமில்லை.

6

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். முதலாவதில் அவள் எழுதுகிறாள், விரிவுரையாளர் ஆகிறாள், ஊருக்கு வருவது குறைகிறது. இரண்டாவதில் படிவங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு — இல்லை, இதில் அவள் தியாகி ஆகிவிடுகிறாள், தியாகிகளோடு எனக்கு ஒத்துப்போகாது. இரண்டையும் கிழித்துவிட்டேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வேலூரில் நாமக்கல் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. சௌந்திரம் ஜன்னலோரம் உட்கார்ந்து அறுபதாவது படிவத்தை மடியில் விரித்தாள். எட்டாவது கேள்விக்கு என்ன எழுதுவது என்று முடிவு செய்துவிட்டாள். பைக்குள் பேனாவைத் தேடினாள். கட்டுச்சோறு இருந்தது, டம்ளர் இருந்தது. பேனா இல்லை. காலையில் பையை மூடும்வரை இருந்தது. பையைக் கட்டிக் கொடுத்தது அம்மா.

அப்போது ஒரு சைக்கிள் வேகமாக வந்து நின்றது. செங்கோட்டையன். சட்டை முழுக்க வேர்வை. ஒரு கையில் பேனா, மறு கையில் ஒரு சீப்புப் பழம். ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றவர் மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாறி அங்கியே நின்னுருச்சுங்க," என்றார்.

பெற்ற மகளிடம் அவர் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. முப்பது வருடமாக அந்த வாக்கியம் அவர் வாயில் அப்படியே படிந்திருந்தது.

சௌந்திரம் இரண்டையும் வாங்கிக்கொண்டாள். "ஆமாங்கய்யா," என்றாள். "மாறித்தான் போயிருக்கும்."

கண்டக்டர் விசில் ஊதினார்.

சென்னம்மாளின் கை வழக்கம்போல அது பாட்டுக்குப் போய் எடுத்ததா, இல்லை, வாய் எழுதிக்க என்றபோது மனசு வேண்டாம் என்றதா? எனக்குத் தெரியாது. சௌந்திரம் அதைக் கேட்கவே போவதில்லை. பேனா மூடியைத் திறந்து வைத்திருக்கிறாள். இப்போது களவு கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி, ஆகவே அந்த எட்டாவது கேள்வி அவளுக்கும் உண்டு. பஸ் அடுத்த ஊரான பரமத்தியைத் தாண்டிவிட்டது. முதலில் முடிவு செய்திருந்த பதிலை அவள் இன்னும் எழுதவில்லை.

8. காவல் நிலையத்தில் ஏன் சொல்லவில்லை?

..........................................................

இதற்குமேல் நான் எழுதமாட்டேன். இந்தாருங்கள் பேனா. எழுதி முடித்ததும் திருப்பித் தந்துவிடுங்கள். மறந்து வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, மாறிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.